சுடாத சுட்டுவிரல்

முதல் நாள்

குடிலுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் வெப்பமானியில் மைனஸ் 6. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் குளிரே இல்லம்மா" என்றார். குளிர்க்காடுகளில் பல வருஷம் வேட்டைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம் போலிருக்கிறது. எனக்கு அப்போதே மூக்கு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

உரிமம் வாங்கி இது என் முதல் வருஷம். சுடுதளத்தில் மாதக்கணக்கில் பழகியிருக்கிறேன். நூறு மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் ஐந்து தோட்டாவையும் போட்டுவிடுவேன். ஆனால் அதெல்லாம் வெயில் காலத்தில், வெறுங்கையால். இங்கே ஆறு நாள், விடிவதற்கு முன் போய்ப் பரணில் அசையாமல் உட்கார வேண்டும். மான் வருமா வராதா என்ற கவலைகூட எனக்கு இல்லை. கவலையெல்லாம் விரல்களைப் பற்றித்தான்.

சின்ன வயதிலிருந்தே என் கை சில்லென்று இருக்கும். கொஞ்சம் குளிர்ந்தால் போதும், விரல் நுனி மெழுகு மாதிரி வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும், சூடு திரும்பும்போது செக்கச்செவேலென்று ஆகி விண்விண்ணென்று தெறிக்கும். மருத்துவரிடம் காட்டியதில் 'ரேனோ' என்றார். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் எழுதி வைத்த சங்கதி. விரலில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் குளிரைக் கண்டதும் தேவைக்கு மேல் பயந்து இறுக்கி மூடிக்கொள்கின்றன. பெண்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத தொந்தரவுதான். குளிரில் அலையாதீர்கள் என்றார் மருத்துவர். கேட்டிருந்தால் இந்த நேரத்துக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பையைத் திறந்து கையுறைகளைக் கட்டிலில் பரப்பினேன். இருப்பதிலேயே தடிமனான ஜோடியைத்தான் நம்பி வந்திருந்தேன். அண்ணன் துப்பாக்கியை எடுத்து, தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, சுவர்ப்பக்கம் திருப்பி என்னிடம் கொடுத்தார்.

"போட்டுக்கிட்டு விசையில விரலை வை, பாப்போம்."

விரல் விசைக்கூட்டுக்குள் நுழையவே இல்லை. கொஞ்சம் திணித்ததும் நுழைந்தது. ஆனால் விசையைத் தொட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. 'டிக்' என்று சத்தம் வந்த பிறகுதான் அழுத்திவிட்டேன் என்று புரிந்தது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜோடியை எடுத்து என் பைக்குள் திரும்பப் போட்டார். பிறகு தன்னுடையதைக் காட்டினார். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை. அதற்கு மேல் பெரிய மிட்டன். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நாலு விரலும் கூட்டுக்குடித்தனம். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதால் சூடு வீணாகாது. ஐந்து விரலையும் பிரித்துவைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாலு பக்கமும் சூட்டை இழக்கும். இரண்டு மிட்டனையும் ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தண்ணீர்ப் புட்டி மாட்டிவிட்ட மாதிரி. நான் சிரித்தேன்.

"சிரி. சுடற நேரத்துல கழட்டிக் கீழ போட்டா யாரு இறங்கி எடுத்துத் தருவா?"

எனக்கும் ஒரு ஜோடி வைத்திருந்தார். படுக்கப் போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "கையைச் சூடாக்கணும்னு நினைக்காத. உடம்பு சூடா இருந்தா கை தானா சூடா இருக்கும்." பெரியவர்கள் சொல்லும் பொதுவான வாக்கு மாதிரி இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். நாலு மணிக்கு எழ வேண்டும்.

இரண்டாம் நாள்

காலை மைனஸ் 11. இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டேன். உள்சட்டை, கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, பஞ்சு வைத்த பெரிய ஜாக்கெட். அண்ணன் என்னைவிடப் பாதிதான் போட்டிருந்தார். ஜாக்கெட்டை மடித்து முதுகுப்பையில் கட்டிவிட்டு, தொப்பியைக்கூடப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தார்.

"நீயும் கழட்டிடு. முக்கால் மணி நேரம் ஏத்தம்."

"கழட்டினா குளிருமே அண்ணா."

"குளிரட்டும். கொஞ்சம் குளிரோட நடந்தாதான் சரி."

கேட்கவில்லை. முழங்கால் ஆழப் பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறுவது சும்மா இல்லை. பாதி வழியிலேயே முதுகில் வேர்வை ஓடியது. கை சுடச்சுட இருந்தது. எனக்கு ஒரே பெருமை. இவ்வளவுதானா குளிர் என்று தோன்றியது.

பரண் மரத்தில் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது துப்பாக்கி தோளில் இருக்கக் கூடாது. தோட்டா இல்லாமல் கயிற்றின் நுனியில் கட்டிவைத்து, மேலே போய் இடுப்புவாரை மரத்தோடு பூட்டிக்கொண்ட பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். முதுகில் ஈரச் சட்டை ஐஸ் பலகை மாதிரி ஒட்டியது. அங்கிருந்து கிளம்பிய குளிர் நேராக விரலுக்குத்தான் போனது.

உடம்பு கறாரான கணக்குப்பிள்ளை. நெஞ்சுக்கும் தலைக்கும் சூடு குறைகிறது என்று தெரிந்தால் முதலில் கைகால் செலவை வெட்டிவிடும். அங்கே போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூடான ரத்தத்தை நடுவில் வைத்துக்கொள்ளும். விரல் மெலிந்தது, கனத்துக்குப் பார்த்தால் தோல்பரப்பு அதிகம், தானாகச் சூடு உண்டாக்கத் தசையும் கிடையாது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலுக்கு வருவது நரம்புக்கயிறு மாதிரியான தசைநாண் மட்டும்தான். பொம்மலாட்டக்காரன் மேலே நிற்க, பொம்மை கீழே ஆடுவது போல. என் உள்சட்டையோ நனைந்திருந்தது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆக, கையில் மிட்டனைப் போட்டுக்கொண்டு முதுகு வழியாக விரலைக் குளிர வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு அண்ணன் தன் பரணிலிருந்து இறங்கி வந்து சைகை காட்டினார். இடுப்புவாரின் கொக்கியைத் திறக்க முடியவில்லை. பார்க்கிறேன், விரல் கொக்கியின்மேல் இருக்கிறது, அழுத்தச் சொல்கிறேன், அது வேறு யாருடைய விரலோ போல இருக்கிறது. அவர் ஏறி வந்து கழற்றிவிட்டார். ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு அண்ணன் வந்து பொத்தான் கழற்றிவிட வேண்டிய நிலை.

தரைக்கு வந்ததும் கையைத் தோளிலிருந்து முழு வட்டமாக, மாவாட்டுவது போலச் சுற்றச் சொன்னார். வேகமாகச் சுற்றும்போது ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். முப்பது சுற்றில் வேலை செய்தது. வேலை செய்தபோது வந்த வலியைப் பற்றி இப்போது எழுதவேண்டாம்.

மாலையும் போனோம். மான் வரவில்லை.

மூன்றாம் நாள்

மைனஸ் 13, காற்று இல்லை. இன்று சொன்னபடி கேட்டேன். மெல்லிய சட்டையோடு, பல் கிடுகிடுக்க, மெதுவாக நடந்தேன். மரத்தடியில் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள, உள்சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டினேன். வெற்று முதுகில் மைனஸ் 13ஐ ஒரு நிமிஷம் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு நிமிஷத்தின் நீளம் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு, ஜாக்கெட்டை மூடியதும், உள்ளே அடுப்பு வைத்த மாதிரி இருந்தது.

கூடவே என் ரகசிய ஆயுதமும் இருந்தது: உறை பிரித்தால் சுடும் இரும்புத்தூள் பொட்டலங்கள். பொட்டலத்தை வெளியே எடுத்தால் சூடு வீணாகுமே என்று, பிரித்த கையோடு ஜாக்கெட்டுக்கு உள்ளே, இரண்டு சட்டைக்கு நடுவே, ஜிப் போட்ட பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கை குளிரும்போது எடுப்பதாகத் திட்டம்.

ஏழரை வாக்கில் எடுத்தேன். குளிர்ந்து கல்லாகக் கிடந்தது.

எட்டு மணி தாண்டியதும் அது வந்தது. சத்தம் கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவே எதுவும் இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு காது அசைந்தது. பிறகு கழுத்து. கொம்புள்ள ஆண்மான், எழுபது மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் நின்றது. காற்று என் பக்கம். எல்லாம் புத்தகத்தில் எழுதியதுபோல. மிட்டனை மெதுவாக உருவி விட்டேன், கயிற்றில் தொங்கியது. துப்பாக்கியின் மரப்பகுதி பரவாயில்லை. தோட்டா ஏற்றும் போல்ட்டின் இரும்புக் கைப்பிடி பட்டதும் மெல்லிய கையுறையைத் தாண்டி உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சி எடுத்துக்கொண்டது. துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன். சுட்டுவிரலை விசையில் வைத்தேன்.

வைத்தேன் என்று நினைத்தேன். விரல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. முதல் நாள் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து கேட்ட அந்த 'டிக்' ஞாபகம் வந்தது. அழுத்தம் தெரியாத விரல் எப்போது சுடும், எந்த நொடியில் சுடும் என்று எனக்கே தெரியாது. குறி நெஞ்சிலிருந்து வயிற்றுக்குப் போய்விட்டால் அந்த மான் எங்கேயாவது போய் மணிக்கணக்கில் சாகும்.

விரலை வெளியே எடுத்துப் பூட்டைத் திரும்பப் போட்டேன். அந்தச் சின்னச் சத்தத்துக்கே மான் தலையைத் தூக்கியது. இரண்டு எட்டு வைத்தது, போய்விட்டது.

நம் மொழியில் சுடுவதும் சுடுவதும் ஒரே சொல். சூடாக இருப்பதும் துப்பாக்கி வெடிப்பதும். சுடாத விரலால் சுட முடியாது என்று பரணில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

கீழே வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். ஏன் சுடவில்லை என்று கேட்கவில்லை. "நல்லது" என்றார். குடிலில் அந்தப் பொட்டலங்களை மேஜைமேல் எறிந்தேன். பத்து நிமிஷம் கழித்து எடுத்து உலுக்கிப் பார்த்தால் சுடுகிறது! விரல் இன்னும் தெறிக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான் தட்ட முடியும்.

நான்காம் நாள்

ராத்திரியிலிருந்து பனிப்புயல். காற்று குடிலைப் பிடித்து உலுக்குகிறது. வெளியே போகும் பேச்சே இல்லை. பகல் முழுக்க உள்ளே அடைந்து கிடந்து கைச்சூட்டு ஆராய்ச்சி.

முதலில் நேற்றைய பொட்டலம். அதற்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்ததும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது. அந்தத் துருவின் சூடுதான் நமக்கு. துருப்பிடிக்கக் காற்று வேண்டும். நான் மூச்சுமுட்ட உள்ளே அமுக்கி வைத்துவிட்டேன். செத்துப்போகவில்லை, மயக்கம் போட்டிருந்தது. இதையே தந்திரமாகவும் பயன்படுத்தலாம் என்று அண்ணன் காட்டினார்: பாதி நாளில் வேலை முடிந்துவிட்டால் காற்றுப் புகாத உறையில் போட்டு மூடிவிட்டால் துரு நின்றுவிடும், மிச்சத்தை மறுநாள் எடுக்கலாம். இன்னொன்றும் சொன்னார். மரத்துப்போன தோலில் நேராக வைக்கக் கூடாது. சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

அண்ணனிடம் இருப்பது வேறு சாதி. உள்ளங்கை அளவு உலோக டப்பா, உள்ளே பஞ்சில் ஊறிய லைட்டர் எண்ணெய், வாயில் பிளாட்டினம் பூசிய ஒரு வலை. தீ எரியாது, எண்ணெய் ஆவி பிளாட்டினத்தில் பட்டுத் தீச்சுடர் இல்லாமலேயே எரிகிறது. 1923இல் ஜப்பானில் மதோபா நீச்சி என்பவர் செய்தது, நூறு வருஷம் தாண்டியும் பெரிய மாற்றம் இல்லை. அதற்கும் காற்று வேண்டும், லேசாக வாடை உண்டு. மானுக்கு மூக்கு இருக்கிறதே என்று கேட்டேன். "மானுக்கு உன் வாடையே போதும்" என்றார். காற்று நம் பக்கம் அடித்தால் இரண்டும் ஒன்றுதான், அடிக்காவிட்டால் எதுவும் உதவாது என்பது அவர் கட்சி.

சோடியம் அசிடேட் பை ஒன்றும் கிடந்தது. உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை 'க்ளிக்' என்று மடக்கினால் திரவம் கண்முன்னே உறைந்து வெள்ளையாகி, 58 டிகிரிவரை சூடு கக்கும். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் பழையபடி திரவம். பார்க்க மிக அழகு. ஆனால் பரணில் சீக்கிரம் ஆறிவிடும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டத்தான் லாயக்கு. மின்கலத்தில் ஓடும் சாதனத்தை அண்ணன் நம்புவதில்லை. குளிரில் மின்கலத்தின் திறன் குறையும், மிக வேண்டிய நேரத்தில் கையை விரித்துவிடும்.

மத்தியானம் எனக்கு வேறு யோசனை. ஒரு கிண்ணத்தில் பனியும் தண்ணீரும் கலந்து இடது நடுவிரலை விட்டேன். முதலில் வலி, பிறகு வலி மறையும், மரத்துப்போகும். விடாமல் வைத்திருந்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் விரல் திடீரென்று கதகதக்கும்! மூடியிருந்த குழாய்கள் திறந்துகொள்ளும். சிறிது நேரத்தில் மறுபடி மூடும், மறுபடி திறக்கும். இதை 1930இல் இங்கிலாந்தில் தாமஸ் லூயிஸ் விவரித்தார். அதற்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் 'வேட்டை எதிர்வினை'. வேட்டைக்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இயந்திரம் சரியான நிலையைத் தேடி மேலும் கீழும் அலைவதை இயந்திரக்காரர்கள் வேட்டை என்பார்கள், அங்கிருந்து வந்தது. எனக்கு எட்டு நிமிஷம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை, விரல் மெழுகாகிவிட்டது, அண்ணன் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். ரேனோக்காரிக்கு இந்தச் சோதனை தேவையா என்று திட்டும் விழுந்தது. ஒரு விஷயம் மட்டும் மனதில் தங்கியது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துவிட்டால் இந்தத் திறப்பு மற்றவர்களுக்கும் மந்தமாகிவிடும். மறுபடியும் முதல் நாள் ராத்திரி சொன்ன அதே வார்த்தை. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

விரலைப் பனியால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எங்கோ கேட்டிருந்ததைச் சொன்னேன். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1812இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது படைவைத்தியர் லாரே, உறைந்த கைகால்களை நெருப்பில் நேராகக் காட்டியவர்களுக்கு அழுகிப்போனதைக் கண்டார். அதனால் பனியால் தேய்க்கச் சொன்னார். நெருப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. தேய்ப்பது தவறு, உறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். ஆனாலும் நூறு வருஷத்துக்கும் மேல் உலகம் தேய்த்துக்கொண்டே இருந்தது. இன்றைய முறை 37லிருந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர். அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியாகத் தெரிந்தால்தான். உருகி மறுபடி உறைவது முதல் உறைதலைவிட மோசம்.

சாயங்காலம் செய்த வேலைதான் இன்றைய நாளின் உருப்படி. பழைய கம்பளிக் காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு, கணுக்கால் பகுதியில் கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டேன். முழங்கைக்குச் சற்றுக் கீழேயிருந்து உள்ளங்கைவரை மூடும் உறை. மணிக்கட்டில் ரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நாடி பார்க்கும் இடம் அதுதான். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் அந்த இடத்தைத் திறந்துவிட்டால், விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே ஆறிவிடும். விரலை ஆட்டும் தசையும் முன்கையில்தானே. பொம்மையைவிட ஆட்டக்காரனுக்குப் போர்வை போர்த்துவது புத்திசாலித்தனம் இல்லையா?

காலுறை அண்ணனுடையது. இன்னும் அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள்

மைனஸ் 1. நேற்றைய புயலுக்குப் பின் இதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இருப்பதிலேயே மோசமான நாள் இதுதான்.

பனி பாதி மழையாக விழுந்தது. தொட்டதெல்லாம் ஈரம். நீர் புகாது என்று சீட்டு ஒட்டி விற்ற ஒரு கையுறையைப் போட்டுப் பார்த்தேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை, ஒன்றரை மணி நேரத்தில் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டது. மைனஸ் 13இல் உலர்ந்த கையோடு இருந்ததைவிட மைனஸ் 1இல் ஈரக் கையோடு இருப்பது கொடுமை. கம்பளி கொஞ்சம் காப்பாற்றியது. தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு வெளியே ஈரம் காட்டாத நூல் அது. பருத்தி உள்ளுறை போட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பத்து மணிக்கே இறங்கிவிட்டோம். அண்ணன் கையுறை இரண்டு ஜோடி எடுத்து வந்து பாதியில் மாற்றிக்கொண்டார். எனக்குத் தோன்றவில்லை.

காலுறை விஷயம் தெரிந்துவிட்டது.

ஆறாம் நாள்

மைனஸ் 16. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, நட்சத்திரங்கள், காலடியில் பனி நறநறவென்றது. நேற்றைய ஈரமெல்லாம் உறைந்து உலர்ந்துவிட்டது. கடைசி நாள்.

வேர்க்காமல் நடந்தேன். மரத்தடியில் சட்டை மாற்றினேன். மணிக்கட்டில் காலுறை. அதன் வெளிப்பக்கமாக, காற்றுப் படும்படி, மணிக்கட்டின் உள்புறத்தில் இரும்புத்தூள் பொட்டலம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், அரை மணிக்கு ஒரு மிடறு. கால்விரல்களை பூட்ஸுக்குள் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தேன், அசைவு வெளியே தெரியாது. மிட்டனுக்குள் சுட்டுவிரலைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரலின் நுட்பம் குறையும், 8 டிகிரியை நெருங்கினால் தொடு உணர்வே போய்விடும். என்னிடம் மானி இல்லை. கையுறையின் தையல் தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் என் கணக்கு. தையல் தெரிந்தால் விசையும் தெரியும்.

ஒன்பதே முக்காலுக்குத் தெரிந்தது. அதே மானா என்று சொல்ல முடியாது, கொம்பு கொஞ்சம் சின்னது. அறுபது மீட்டர். மிட்டன் கயிற்றில் விழுந்தது. விசையின் வளைவும், அதில் இருக்கும் மெல்லிய வரிகளும்கூடத் தெரிந்தன. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெதுவாக.

நாற்பது மீட்டர் ஓடி விழுந்தது. அண்ணன் வரும்வரை பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது கை நடுங்கியது, குளிரால் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது எனக்கு யாரும் சொல்லாத பகுதி. மானின் உடம்பு நம்மைவிடச் சற்றுச் சூடானது. மெல்லிய ரப்பர் கையுறை மாட்டி, வயிற்றைத் திறந்து உள்ளே கைவிட்டதும் ஆவி முகத்தில் அடித்தது. ஆறு நாளில் என் கை அவ்வளவு சூடாக இருந்ததே இல்லை. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், உண்மை அதுதான். ஆனால் வெளியே எடுத்த மறுகணம் அந்த ஈரமே எதிரி. அண்ணன் ஒவ்வொரு முறையும் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார். மரத்த கையும் ஈரக் கத்தியும் சேர்ந்தால் அறுபடுவது மானாக இருக்காது என்றார்.

முடித்துவிட்டு ரப்பர் கையுறையைக் கழற்றி, மிட்டனை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்தோம். குடில் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கவனித்தேன். ரப்பர் கையுறை எப்போதோ வலது சுட்டுவிரலில் கிழிந்திருக்கிறது. உள்ளே இருந்த கம்பளி நனைந்து, அதை மாற்றாமல் அதற்கு மேலேயே மிட்டனைப் போட்டு ஒரு மணி நேரம் இழுத்திருக்கிறேன். நுனி வெள்ளையாக இருந்தது. அமுக்கினால் அடியில் மெத்தென்று இருந்தது, அதுவரை நல்லது; கட்டையாக இருந்தால்தான் பயம். தேய்க்கப் போன கையை அண்ணன் தட்டிவிட்டு, அக்குளில் வைத்து அமுக்கிக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரத்தில் நிறம் வந்தது. உணர்ச்சி முழுசாக வரவில்லை. கொப்புளம் இல்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும், அவர் என்ன சொல்வார் என்று இப்போதே தெரியும்.

துப்பாக்கிகளை உறையோடு வெளித் திண்ணையில் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டோம். சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வேர்த்து நனையும். அடுப்புக்கு மேலே கொடியில் ஏழு கையுறை தொங்குகிறது. எட்டாவது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் வலது சுட்டுவிரலால் தட்டினால் தொட்டதே தெரியவில்லை, அதனால் இதை இடது கையால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"பாத்திரம் கழுவ வெந்நீர் ரெடி" என்று அண்ணன் கூப்பிடுகிறார். என் விரல் நிலைமையைச் சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன். முழங்கையை விட்டுப் பாத்துட்டேன், சூடு சரியா இருக்கு. வா."